ஒரு டொங்கலும் இரண்டு வீடும்

உப்புக்கும் சீனிக்கும் வேலிக்கு மேலால் கை நீளாத வீடு எங்கள் மன்னார்த் தீவில் உண்டா? ஒரு வீட்டில் நல்ல திருவலை இருந்தால் அது மூன்று வீட்டுக்குப் பொது. நோன்பு நாளில் அஸருக்குப் பிறகு கஞ்சிக் கோப்பைகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வரும். வெறுங் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, அதில் இரண்டு பேரீச்சம்பழமாவது வைத்துத்தான் அனுப்புவோம்.

இப்போது வேலிக்கு மேலால் வருகிற குரல் வேறு.

"சாச்சி, வைஃபை கொஞ்சம் போட்டு விடுவீங்களா?"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அல்குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்தை ஒரு தரம் பொருளோடு ஓதிப் பார்க்கட்டும். அதன் பெயரே 'அல்மாஊன்'. ஏழே வசனங்கள். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களையும், பிறர் பார்க்கத் தொழுபவர்களையும் கண்டிக்கும் அந்த அத்தியாயம், அற்பமான புழங்கு பொருளைக்கூட அயலாருக்குக் கொடுக்காமல் தடுப்பவர்களைக் கண்டித்து முடிகிறது. மாஊன் என்றால் என்ன? வாளியையும் சமையல் பாத்திரத்தையும் இரவல் கொடுப்பதையே நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தாங்கள் மாஊன் என்று எண்ணியதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது அபூதாவூதில் இருக்கிறது. அன்று வாளி. இன்று ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு இணைப்பில் தொங்குகிறது என்றால், அந்த இணைப்பும் ஒரு வாளிதானே?

எங்கள் வீட்டில் இது தொடங்கியது 2020 மார்ச்சில். கொரோனாவினால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. சில வாரங்களில் பாடங்கள் வாட்ஸப்பில் வந்தன, பிறகு ஸூமில். எங்களிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினியும், கட்டாரில் இருக்கும் என் கணவர் முந்திய விடுமுறையில் வாங்கித் தந்த ஒரு டொங்கலும். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஒரு போன் மட்டும். அதுவும் ரீலோட் போட்டால்தான் உயிர் வரும். அவருடைய மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பனையோலை வேலி, அதில் ஒரு பொட்டு. டொங்கல் ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர்.

கடைக்காரர் காக்காவின் கொப்பி

ஒரு டொங்கலை ஒரு கணினியில் செருகினால் அந்தக் கணினிக்கு மட்டும்தானே இணையம் வரும், பக்கத்து வீட்டுப் போனுக்கு எப்படிப் போகிறது என்று என் உம்மா கேட்டார். உம்மாவுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு எங்கள் முகாம் வாழ்க்கைதான் உதவியது.

1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், மன்னார்த் தீவிலிருந்த எங்களில் பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய் இறங்கியதும் நீங்கள் அறிந்ததே. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்துப் பக்கம் நாங்கள் இருந்த முகாமில் ஓலைக் கொட்டில்களுக்கு இலக்கமும் கிடையாது, தெருவுக்குப் பெயரும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதமெல்லாம் சந்திக் கடையின் முகவரிக்குத்தான் வரும். தபால்காரருக்குத் தெரிந்தது அந்த ஒரே முகவரி. கடைக்காரர் காக்கா ஒரு கொப்பி வைத்திருந்தார். யார் எங்கே கடிதம் போட்டார்கள், பதில் வந்தால் எந்த வரிசையில் எத்தனையாவது கொட்டிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு முகவரியை வைத்து ஒரு முகாமே கடிதப் போக்குவரத்து நடத்தியது.

கணினி செய்வதும் இதே வேலைதான். கம்பனி நம் டொங்கலுக்குக் கொடுப்பது ஒரே ஒரு முகவரி. வெளி உலகத்துக்குத் தெரிவதும் அதுதான். நம் கணினி கடைக்காரர் காக்காவாக மாறி, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. விண்டோஸ் கணினியாக இருந்தால் அது வழக்கமாகத் தன்னை 192.168.137.1 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அதே வரிசையில் இலக்கம் போடும். எந்தப் போன் எதைக் கேட்டது என்று தன் கொப்பியில் குறித்து வைத்து, பதில் வந்ததும் சரியான போனுக்கே அனுப்பும். இது புதிய வித்தையும் அல்ல. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே ஒரு கணினியின் இணைப்பை இன்னொன்றோடு பகிரும் வசதி இருந்தது. அந்த வருடம் நாங்கள் புத்தளத்தில் ஒரு நிமிடம் வாப்பாவோடு பேசக் 'கொமியூனிகேஷன்' கடை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

செய்முறை பெரிதல்ல. விண்டோஸ் 10, 11 கணினிகளில் செட்டிங்ஸைத் திறந்து 'நெட்வொர்க் அன்ட் இன்டர்நெட்' என்பதற்குள் போனால் 'மொபைல் ஹொட்ஸ்பொட்' என்று ஒன்று இருக்கும். அதில் எந்த இணைப்பைப் பகிர்வது என்று கேட்கும். டொங்கலைக் காட்டுங்கள். வைஃபை மூலம் பகிர்வதாகச் சொல்லுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் நீங்களே வைக்கலாம். பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பிள்ளையின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து வைப்பதை விட்டுவிடுங்கள், ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். எட்டுக் கருவிகள் வரை சேரலாம். எட்டும் சேர்ந்தால் ஒன்றும் ஓடாது என்பது வேறு கதை.

எனக்கு முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் சரியாக வைத்துவிட்டு, திருப்தியாக மடிக்கணினியை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஐந்து நிமிடத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சாச்சி, போயிட்டு..." என்று குரல். மூடினால் கணினி தூங்கிவிடும். கடைக்காரர் தூங்கினால் கடிதம் யார் கொடுப்பது? மூடினாலும் தூங்காதபடி பவர் செட்டிங்ஸில் மாற்றலாம். நானோ அன்று மூடியைத் திறந்து வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டேன். சூடாகும், அப்படிச் செய்யாதீர்கள்.

ஓலை வேலி விடும், தகரம் விடாது

எங்கள் பக்கத்து வீடுகளுக்கு இது முக்கியமான விஷயம். மீளக்குடியேறி வந்தபோது பலர் தகரத்தால் மறைத்துத்தான் முதலில் குடியிருந்தோம். இன்றும் சமையலறை, பின் விறாந்தை, வேலி என்று எங்காவது தகரம் இருக்கும். வைஃபை அலைக்குத் தகரம் பரம எதிரி, பட்டதும் திருப்பி அனுப்பிவிடும். கொங்கிரீட் சுவர் பாதியை விழுங்கும். தண்ணீரும் விழுங்கும், ஆகையால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கணினியை வைத்துவிட்டுச் சிக்னல் இல்லை என்று புலம்பக் கூடாது. காய்ந்த பனையோலை வேலி பெரிதாகத் தடுக்காது. நான் கணினியை வேலிப் பக்கத்து ஜன்னல் விளிம்புக்கு மாற்றினேன். ராத்தா வீட்டு விறாந்தையில் மூன்று கோடு விழுந்தது.

ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகள் இருக்கலாம். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு. வேலி தாண்ட வேண்டுமானால் 2.4ஐத் தெரிவு செய்யுங்கள்.

டேட்டா விஷயத்தில்தான் பெண்கள் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாத முடிவில் வீட்டுச் செலவைக் கூட்டிக் கழிப்பது நாம்தான். வகுப்பில் பிள்ளை தன் கமராவை நிறுத்தி வைத்தால் செலவு குறையும். ஆசிரியரின் குரல் மட்டும் போதுமான பாடம் என்றால் இன்னும் பல மடங்கு குறையும். கணினி நமக்குச் சொல்லாமலே விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க டொங்கல் இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்து வையுங்கள். போன்களிலும் படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதிகளை நிறுத்தி வையுங்கள். நம் நாட்டுப் பொதிகள் பலவற்றில் பகலுக்கு ஓர் அளவும் இரவுக்கு ஓர் அளவும் உண்டு. பாட வீடியோக்களை இரவுக் கணக்கில் இறக்கி வைத்துவிட்டுப் பகலில் பார்க்கலாம். ரமழானில் ஸஹருக்கு எழும்பும் நேரம் இதற்கு நல்ல நேரம்.

நான் செய்த பிழை

2021 மே மாதம். பாடசாலைகள் மறுபடி மூடியாயிற்று, பயணத் தடையும் வந்தது. ஒரு மாதத்துக்கு என்று போட்ட டேட்டா பத்து நாளில் முடிந்தது. மறுபடி போட்டேன். அதுவும் கரைந்தது. ஹொட்ஸ்பொட் பக்கத்தைத் திறந்து பார்த்தால் நான்கு கருவிகள் சேர்ந்திருக்கின்றன. என் போன், பெரிய மகனின் போன், ராத்தா வீட்டுப் போன். நான்காவதுக்கு எழுத்தும் இலக்கமுமாக ஒரு பெயர்.

என் மனம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகிப்பீர்கள். அந்தப் பிள்ளை பாஸ்வேர்டைத் தன் தோழி யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, அன்றிரவே பாஸ்வேர்டை மாற்றினேன். வேலிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நான்காம் நாள் உம்மா சொன்னார்: "அந்தப் புள்ள வெயிலுக்குள்ள பின் வளவுப் பனையடியில குந்திக்கிட்டு இருக்கு. தாயும் பக்கத்துல குடையப் புடிச்சுக்கிட்டு நிக்கிது. என்ன நடந்த?"

அந்தப் பனையடியில் மட்டும்தான் அவர்கள் போனுக்கு ஒரு கோடு சிக்னல் விழும். ரீலோட் போட்ட கொஞ்ச டேட்டாவில் அங்கே இருந்து குறிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸூம் வகுப்பு நான்கு நாளும் இல்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

அன்று பின்னேரம் என் சின்ன மகனின் தலையணைக்கு அடியில் ஒரு பழைய போன் கிடைத்தது. மச்சான் ஒருவனிடம் வாங்கி வைத்து, போர்வைக்குள் விளையாடியிருக்கிறான். அந்த விளையாட்டுச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட அளவே எங்கள் டேட்டாவில் பாதிக்கு மேல். அதன் பெயர்தான் அந்த எழுத்தும் இலக்கமும்.

வீண் சந்தேகத்தை விட்டும் விலகிக்கொள்ளுமாறு அல்லாஹ் சொல்லியிருப்பதை நான் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்! வெறுங்கையோடு பொட்டைத் தாண்டிப் போனேன். எதையாவது கொண்டு போனால் அதை வைத்து மன்னிப்பை மூடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். ராத்தா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நீங்க காசு போடல்ல போல, முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சோம். அத எப்படிக் கேக்குற?" என்றார்.

அன்றுதான் ஒரு கொப்பி வாங்கினோம். இந்த மாதம் ரீலோட் எங்கள் வீடு, அடுத்த மாதம் அவர்கள் வீடு. அவர்களால் முழுவதும் போட முடியாத மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கொப்பியில் குறைப் பணம் எழுதுவதில்லை என்பது என் உம்மா போட்ட சட்டம். வகுப்பு நேரத்தில் மற்ற எல்லாப் போன்களும் ஹொட்ஸ்பொட்டை விட்டு இறங்க வேண்டும். பாஸ்வேர்ட் மாற்றினால் வாயால் போய்ச் சொல்ல வேண்டும்.

ராத்தா கேட்ட கேள்வி

எல்லாம் முடிந்த பிறகு ராத்தா குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "உங்கட கம்பியூட்டர்ல இருந்து எங்கட போன்ல உள்ள படங்களப் பாக்க ஏலுமா?" இவ்வளவு நாளும் இந்தப் பயத்தோடுதான் பாவித்திருக்கிறார். ஹிஜாபோடு வாழும் ஒரு பெண்ணுக்கு நியாயமான பயம். பலருக்கும் இருக்கும், ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

ஒரே ஹொட்ஸ்பொட்டில் சேர்ந்திருப்பதால் மட்டும் ஒருவர் போனில் உள்ள படங்களை மற்றவர் திறந்து பார்க்க முடியாது. இணைப்பைக் கொடுப்பவருக்குத் தெரிவது சேர்ந்திருக்கும் கருவிகளின் பெயர்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்பதையும் ஓரளவு அறியலாம். வாட்ஸப்பில் எழுதும் செய்தியை அவரால் வாசிக்க முடியாது. 2016 முதல் அது அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேறு வீட்டு வைஃபையில் சேரும்போது 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். பப்ளிக் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிரைவேட் என்று வைத்து, கோப்புகளைப் பகிரும் வசதியும் திறந்திருந்தால், பகிர்ந்த கோப்புகள் பக்கத்துக் கணினிக்குத் தெரியக்கூடும். உங்கள் போனின் பெயரில் உங்கள் பெயர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கொடுப்பவருக்கும் ஒரு பயம் இருக்க வேண்டும். சிம் நம் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவானது. நம் இணைப்பில் வந்து யார் எதைச் செய்தாலும், யாரை ஏசி எழுதினாலும், வெளியே தெரிவது நம் முகவரி. பொலிஸ் முதலில் தட்டுவது நம் கதவை. ஆகையால் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து போடுவது தாராளம் அல்ல, கவனயீனம். மறுபக்கம், அயல் வீட்டுப் பாஸ்வேர்டை எப்படியோ அறிந்து சொல்லாமல் பாவிப்பது சில பையன்களுக்குச் சாமர்த்தியமாகத் தெரிகிறது. அது பிறர் பணத்தில் கை வைப்பதுதான். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றம் என்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்வது ஒன்று, இணைப்பைக் காசுக்கு அயலுக்கு விற்பது வேறு. விற்க நினைப்பவர்கள் முதலில் கம்பனியின் ஒப்பந்தத்தை வாசிக்கட்டும்.

காட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு இணைப்பை ஊர் முழுவதும் பகிர்ந்த கதை எங்களுக்கு மிகத் தூரத்தில் நடந்ததல்ல. முசலிக்குத் தெற்கே வில்பத்துக் காடு. அந்தக் காட்டின் கிழக்கு ஓரத்தில், அநுராதபுர மாவட்டத்தில் மகாவிலச்சிய என்ற விவசாயக் கிராமம். அங்கே நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் தொடங்கிய முயற்சி 'ஹொரைசன் லங்கா'வாக வளர்ந்தது. 2006இல் அந்தக் கிராமத்தில் கம்பியில்லா வலைப்பின்னல் அமைத்தார்கள். மத்திய நிலையத்துக்கு வரும் இணையத்தை, வீட்டுக் கூரைகளில் வைத்த அன்டெனாக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கை மாற்றி வீடுகளுக்குக் கொண்டு போயின. எங்கள் ஜன்னல் விளிம்பு வேலையின் பெரிய உருவம்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கொத்மலை. 1999இல் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலைச் சமூக வானொலி ஒரு வழி கண்டது. கணினியைக் கண்ணாலும் காணாத மக்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிலையத்தில் இருந்த இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் விளக்கிச் சொல்வார். ஒரு இணைப்பு, ஒரு பிரதேசமே கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கும் அதில் பங்கு இருந்தது. இன்று எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு போன் இருந்தும், உம்மாமாருக்கு ஒரு மருந்தின் விவரம் தேடிச் சொல்ல ஆளில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை. ரவுட்டர் வைத்திருந்த வீடுகளில் மின்சாரத்தோடு இணையமும் போனது. எங்கள் பழைய மடிக்கணினியோ தன் பற்றரியில் இரண்டு மணித்தியாலம் டொங்கலையும் தாங்கிக்கொண்டு ஓடியது. கம்பனிக் கோபுரத்தின் பற்றரியும் தீரும் வரைதான். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கட்டார் அழைப்பும், பிள்ளைகளின் பாடமும், ராத்தாவின் மூத்த மகனோடு பேச்சும் முடிய வேண்டும். யார் முதலில் என்று கொப்பியில் வரிசை எழுதினோம்.

ராத்தாவின் மகள் அந்த வருடம் பெப்ரவரியில் உயர்தரம் எழுதியிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், பல்கலைக்கழகம் கிடைத்தது. அவள் போன பிறகு, மகளோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமே என்று ராத்தா ஒரு ரவுட்டர் எடுத்தார். எங்கள் டொங்கல் உப்புக் காற்றுக்குத் தாக்குப் பிடிக்காமல் போன வருடம் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையை நான் அனுப்புவது அவர்கள் வீட்டு இணைப்பில். நேற்று அவள் விடுமுறையில் வந்து பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றிய கையோடு பொட்டைத் தாண்டி வந்து, "சாச்சி, புதுசு இதுதான்" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.